ரதத்தின் இடப்பக்கக் கண்ணாடி

செப்டம்பர் 2, திங்கள்

இன்று காலை ஒருவர் தன் சவ ஊர்வலத்துக்கு வண்டி பார்க்க வந்தார். நடந்தே வந்தார்.

கொம்பையா அண்ணாச்சி. கோவில்பட்டியில் அவர் கடை கடலை மிட்டாயைத் தின்னாதவர்கள், பல் முளைக்காதவர்களும் பல் விழுந்தவர்களும்தான். எழுபது தாண்டிய ஆள். நெற்றி நிறையத் திருநீறு. சந்துக்குள் அவர் தலை தெரிந்ததுமே, அவர் வீட்டில் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று என் முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டேன். சொர்க்க ரதம் ஓட்ட ஆரம்பித்த பிறகு அந்த முகம் எனக்குச் சட்டென்று வந்துவிடுகிறது.

"யாருக்கு அண்ணாச்சி?"

"எனக்குத்தாம்டே. சும்மா மூஞ்சியத் தொங்கப் போடாத. வண்டியத் தெற."

திறந்தேன். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏறினார். பலகையில் மல்லாந்து படுத்தார். கைகளை நெஞ்சில் கோத்துக்கொண்டு, தலையை மட்டும் இடது பக்கம் சாய்த்தார். கொஞ்ச நேரம் அசைவே இல்லை. பத்துப் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி கும்பிட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"என்னடே இது? கண்ணாடியா, கோழி கிண்டுன குப்பமேடா?"

என்னிடம் வருவதற்கு முன்பே ஏதோ ஒரு ஊர்வலத்தில் வேட்டுப் போட்டு நிஜக் கண்ணாடி நொறுங்கிப்போய், பழைய சொந்தக்காரர் பிளாஸ்டிக் மாட்டிவிட்டார். கண்ணாடி என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. அதில் இல்லாத கீறல் இல்லை. பொரியோடு சில்லறையை விசிறுகிறவர்கள் கண்ணாடியைப் பார்த்தா விசிறுகிறார்கள்? அது போக, அடித்து அழுகிறவர்கள். மோதிரத்தைக் கழற்றி இடுப்பில் செருகிவிட்டு அழக் கூடாதா என்று பல தடவை கேட்க நினைத்திருக்கிறேன்.

"வலப்பக்கம் எப்படியும் போட்டும். இடப்பக்கம் பளிச்சுன்னு இருக்கணும். இல்லன்னா நான் பைபாஸ்காரன் வண்டியில போயிருவேன்" என்றார்.

பைபாஸில் ஒருத்தன் புது வண்டி விட்டிருக்கிறான். அசல் கண்ணாடி. கொம்பையா அண்ணாச்சி அதில் போனால் கடைத்தெரு முழுக்க அதில்தான் போகும். சரி என்றேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

பூரணம் காலையில் பூனையிடம் சொன்னாள்: "ஏ பூன, தோசை ஆறுதாம். திங்கவுங்க வந்து திங்கலாம்."

பூரணம் என் மனைவி. வண்டி வந்த நாளிலிருந்து என்னோடு பேசுவதில்லை. எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் பூனையிடம் சொல்வாள். டூரிஸ்ட் வேன் வருகிறது என்று நான் சொல்லியிருந்தேன். அது முழுப் பொய்யும் இல்லை, ஆட்களைக் கூட்டிப்போகிற வேன்தானே. அவள் பட்டுப் புடவை கட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழமும் ஆரத்தித் தட்டுமாக வாசலில் நின்றாள். நெற்றியில் சொர்க்க ரதம் என்ற எழுத்தோடு வண்டி திரும்பியது. ஆரத்தியை வாசக்காலுக்குச் சுற்றிவிட்டு உள்ளே போனவள்தான். இன்றுவரை அந்த வண்டியைத் தொட்டதில்லை. எனக்கு இதில் வருத்தம் ஒன்றும் கிடையாது. வீடு அமைதியாக இருக்கிறது.

மத்தியானம் தின்னர் வாங்கி வந்து, இடப்பக்கக் கண்ணாடியைக் காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்தேன். பெயின்ட் கறையே போகிற தின்னர், கீறல் போகாதா.

செப்டம்பர் 4, புதன்

கீறல் போகவில்லை. கண்ணாடி போய்விட்டது. ஆடை கட்டிய பால் மாதிரி வெளுத்துக் கிடக்கிறது.

செப்டம்பர் 5, வியாழன்

அண்ணாச்சி வந்து படுத்துப் பார்த்தார்.

"நான் என்ன இட்லிக் கொப்பரைக்குள்ளயா போறேன்?"

கோபம் வந்துவிட்டது எனக்கு. "போற வழியில யார் பாக்கப் போறாவன்னு இவ்வளவு பாடு அண்ணாச்சி?" என்றேன்.

எழுந்து உட்கார்ந்தார். தலை கூரையில் இடித்தது. அதைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்.

தெற்குத் தெருவில் அவருடைய தங்கை உலகம்மாள் இருக்கிறாள். அவள் மகளுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அன்றைக்கு இவர் அடுப்பில் வெல்லப் பாகு இருந்தது. பதம் தப்பிவிடும் என்று கிண்டிக்கொண்டே இருந்துவிட்டார். அங்கே நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் ஒன்றுவிட்ட சித்தப்பா மடியில் உட்கார வைத்துக் குத்திவிட்டார்கள். இவர் மிட்டாய்த் தட்டோடு போய் நின்றபோது உலகம்மாள் எல்லார் முன்னாலும் சொன்னாளாம்: "உயிரோட உன் மூஞ்சில முழிக்க மாட்டேன். நீ செத்து என் வாசலோட போவேல்லா, அப்பப் பாத்துக்கிடுதேன்."

அந்தப் பிள்ளைக்கே இப்போது பிள்ளை இருக்கிறது. காது குத்தும் முடிந்துவிட்டது. இவரைக் கூப்பிடவில்லை.

"ஒலகு சொன்ன சொல் மாற மாட்டா. நான் போறன்னைக்குக் கட்டாயம் பாப்பா. அவ வீடு இடப்பக்கம்டே."

நியாயமாகத்தான் பட்டது. இத்தனை வருஷம் கழித்து ஒருத்தி பார்க்கிறபோது அண்ணன் மூக்கின் மேல் கோடு கோடாக இருந்தால் நன்றாகவா இருக்கும்?

செப்டம்பர் 6, வெள்ளி

பூரணம் மூக்குக் கண்ணாடியைக் குழாயடியில் காட்டிக் கழுவிக்கொண்டே பூனையிடம் பேசினாள். "பிளாஸ்டிக்க எவனாவது காஞ்ச துணி வச்சுத் தேய்ப்பானா? தூசியே மண்ணு மாதிரிக் கீறிரும்லா. மொதல்ல தண்ணிய ஊத்தி தூசிய வழிய விடணும். பொறவு சோப்புத் தண்ணி, வெறுங்கை. தின்னராம் தின்னர்." பூனை எழுந்து போய்விட்டது. அவள் மேலும் கொஞ்சம் பேசினாள்.

நான் பேப்பர் படிப்பதுபோல் இருந்தேன். பிறகு பட்டறை அருளப்பனிடம் போய் வாட்டர் பேப்பர் வாங்கினேன். காருக்குப் பெயின்ட் அடிப்பவர்கள் தேய்க்கிற தாள். சொரசொரப்பில் ஆரம்பித்து வழுவழுப்பில் முடிக்க வேண்டும், தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தவே கூடாது என்றான். எந்த வண்டிக்கு என்று கேட்டான். சொன்னேன். தாளை மட்டும் மேஜையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டான்.

செப்டம்பர் 8, ஞாயிறு

தேய்க்கத் தேய்க்க இன்னும் மோசமாகிறது. கீறலெல்லாம் போய், கண்ணாடி முழுக்க ஒரே மூட்டமாகிவிட்டது. அருளப்பனுக்குப் போன் போட்டுத் திட்டினேன். அப்படித்தான் ஆகும், அடுத்த தாளுக்குப் போ என்றான்.

நடுவில் ஒரு சவாரி வந்துவிட்டது. இடப்பக்கம் மூட்டம், வலப்பக்கம் கீறல். இறந்தவரின் மூத்த மகன், "ஒரு பக்கம் ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்டார். ஏசி என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்பாவுக்கு வெயில் ஆகாது, நல்லது என்றார்.

செப்டம்பர் 9, திங்கள்

கடைசித் தாள் முடித்து, பாலீஷ் போட்டுப் பஞ்சுத் துணியால் தேய்த்தேன். மூட்டம் மெல்ல மெல்ல விலகியது. உள்ளே பலகை தெரிந்தது, அதற்கப்பால் வலப்பக்கக் கண்ணாடி தெரிந்தது, சந்து தெரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நானே கொஞ்ச நேரம் கை கட்டி நின்று பார்த்தேன். யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும்போல் இருந்தது. பூனைதான் இருந்தது.

அண்ணாச்சி வந்து படுத்தார். "உள்பக்கம்?" என்றார்.

"உள்பக்கம் எதுக்கு? பாக்கவுங்க வெளியிலல்லா நிப்பாங்க?"

"உள்பக்கமும் போடுடே."

"அண்ணாச்சி, உள்ள இருக்கவருக்கு அதால என்ன?"

அவர் கையால் கண்ணாடியைத் தடவிக்கொண்டிருந்தார். எனக்குத் தோள்பட்டை விட்டுப்போயிருந்தது. முடியாது என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

காலையில் பல் தேய்க்கப் பேஸ்ட் இல்லை. நேற்று மாலை நிறைய இருந்தது.

வண்டியைத் திறந்தேன். உள்ளே எங்கள் பேஸ்டின் கிராம்பு வாசனை. இடப்பக்கக் கண்ணாடியின் உள்பக்கம் பளபளவென்று இருந்தது. பலகையடியில் ஒரு பழைய நூல் புடவைத் துண்டு, நனைத்துப் பிழிந்து மடித்து வைத்திருந்தது. யார் செய்தது என்று நான் விசாரிக்கவில்லை. பூனைக்கு அவ்வளவு நேர்த்தி வராது.

அண்ணாச்சியை வரச் சொன்னேன். படுத்தார். "இன்னும் மூட்டமாத்தாம்டே இருக்கு."

எனக்கு வந்ததே ஆத்திரம். கண்ணாடி இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் அந்த இடத்தில் ஒரு தும்பி வந்து முட்டிக்கொண்டிருக்கிறது. இவருக்கு மூட்டமாம். "பைபாஸ்காரன்கிட்டயே போங்க அண்ணாச்சி. அவன் வண்டியில சொகமாப் படுத்துக்கிட்டுப் போங்க" என்று கத்திவிட்டேன். அவர் இறங்கி, செருப்பைக் காலால் துழாவினார். செருப்பு கண்ணுக்கு முன்னால்தான் கிடந்தது.

செப்டம்பர் 11, புதன்

பூரணம் ரசம் தாளித்துக்கொண்டே பூனையிடம் சொன்னாள்: "மூட்டம் கண்ணாடியிலயா இருக்கு? அந்த மனுசன் கண்ணுல இருக்கு. செருப்பத் துழாவுறாரு, அதக்கூடப் பாக்காம நாய் மாதிரி கொலச்சா என்ன அர்த்தம்?"

சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன்.

கூடத்தில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். நான் கேட்காமலே சொன்னார். கண்ணில் அழுத்தமாம், நரம்பு செத்துக்கொண்டு வருகிறதாம். போன பார்வை வராது, இருப்பதும் எத்தனை நாளோ என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"நான் செத்தப்பொறவு அவ என்னப் பாப்பா, சரி. நான் அவள எப்பம்டே பாக்க? எனக்கு இப்பயே பாதி தெரியல. மீதியும் போறதுக்குள்ள ஒரு மட்டம் அவளப் பாக்கணும். நேர்ல போனா உள்ள போயிருவா. இந்த வண்டிக்குள்ள படுத்துப் போனாத்தான் வாசல்லயே இருப்பா."

உள்பக்கம் எதற்கு என்று நான் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. ரொம்ப வெட்கமாக இருந்தது.

"என்னைக்குப் போவோம் அண்ணாச்சி?" என்றேன்.

"சனிக்கிழம. அன்னைக்குத்தான் அவ வாசல்ல உக்காந்து பெருமாளுக்குத் துளசி கட்டுவா. மெதுவா ஓட்டு. சங்கு வேண்டாம், கொட்டு வேண்டாம். காலி வண்டின்னு நெனச்சுக்கிடுவாவ. நான் பாத்துட்டு வந்துருதேன்."

செப்டம்பர் 13, வெள்ளி

எல்லாம் முடிவானபிறகு இன்று சாயங்காலம் அண்ணாச்சி மறுபடி வந்துவிட்டார். "கோழிக்குச் சொல்லிட்டியா?"

சனிக்கிழமை பிணம் போனால் கூடவே ஒரு கோழியைக் கட்டி அனுப்புவது வழக்கம். இல்லையென்றால் போகிறவர் துணைக்கு இன்னொரு ஆளைக் கூப்பிடுவாராம்.

"நீங்கதான் சாகலியே அண்ணாச்சி."

"எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். வண்டிக்குத் தெரியுமா? சனிக்கிழமையும் அதுவுமா மல்லாக்கப் படுத்துப் போறேன். அவ தெரு வழியா வேற போறோம். அவளுக்கு ஒண்ணுன்னா?"

கோழிக்கு நான் எங்கே போவேன்? அவரை வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது எங்கள் வாசலில் ஒரு சாம்பல் நிறப் பெட்டைக்கோழி காலில் கயிற்றோடு நின்றது. பூனை மதிலுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டு வர மறுக்கிறது. ஆகவே அதன்பிறகு வீட்டில் ஒரு பேச்சும் இல்லை.

செப்டம்பர் 14, சனி

காலையில் கண்ணாடிக்குத் தண்ணீர் ஊற்றி, வெறுங்கையால் சோப்புத் தண்ணீர் தடவி, அலசினேன். அண்ணாச்சி சலவை வேட்டியில் வந்து படுத்தார். கோழியைப் பின்கதவுக் கைப்பிடியில் கட்டினேன். உள்ளே கட்டியிருக்க வேண்டும். அந்தப் புத்தி எனக்கு இல்லை.

கடைத்தெரு திரும்பியதும் டீக்கடைக்காரர் முதலில் கோழியைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் பார்த்தார். பழைய கண்ணாடியாக இருந்தால் உள்ளே ஆள் இருப்பதே தெரிந்திருக்காது. இப்போது அண்ணாச்சியின் திருநீற்றுக் கோடுகூடப் பளிச்சென்று தெரிந்தது.

"ஐயோ, நம்ம கொம்பையா அண்ணாச்சிலா!"

அவ்வளவுதான். கடைகள் பாதி ஷட்டரை இறக்கின. ஒருவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் நடக்க ஆரம்பித்தார். கூடவே நாலு பேர், பிறகு கூட்டம். காலி வண்டி என்று எப்படிச் சொல்வது? கோழி கட்டியிருக்கிறதே. ஒத்திகைக்கு யாராவது கோழி கட்டுவார்களா? எங்கிருந்தோ கொட்டுக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். நான் தலையைத் திருப்பி, "அண்ணாச்சி, திரும்பிருவமா?" என்றேன். உதடு அசையாமல் சொன்னார்: "ஓட்டுடே."

தெற்குத் தெருவுக்குள் நுழையும்போது செய்தி எங்களுக்கு முன்னால் போய்விட்டது. உலகம்மாள் வாசலில் இல்லை, நடுத்தெருவில் ஓடி வந்துகொண்டிருந்தாள். தலை அவிழ்ந்து, கட்டி முடிக்காத துளசி மாலை கையில் தொங்க. நான் பிரேக் போட்டேன்.

"ஏ அண்ணே! என் அண்ணே! சொல்லாமப் போயிட்டியே!"

இரண்டு கையாலும் இடப்பக்கக் கண்ணாடியில் அடித்தாள். கை நிறைய வளையல். கிரீச்சென்று ஒரு கீறல் மேலிருந்து கீழே இறங்கியது. என் தோள் வலியெல்லாம் ஒரே நேரத்தில் திரும்பி வந்தது. நான் வாயைத் திறக்கும் முன்னால் உள்ளேயிருந்து அண்ணாச்சி கத்தினார்.

"ஒலகு! வளையலக் கழத்திட்டு அடிட்டி! இப்பத்தான் பாலீசு போட்ருக்கு!"

கொட்டு நின்றது. கூட்டத்தில் பாதி ஓடிவிட்டது. ஓடாத பாதி, அவர் உயிரோடு இருந்ததற்காகக் கோபித்துக்கொண்டது. கடையை வேறு அடைத்துவிட்டு வந்திருந்தார்கள், பாவம்.

உலகம்மாள் மட்டும் அசையவில்லை. "சாவலயா நீ?"

"இல்லட்டி."

சட்டென்று கண்ணை இறுக மூடி, முந்தானையை நெற்றி வரைக்கும் இழுத்துப் பொத்திக்கொண்டாள். "அப்ப நான் உன்னப் பாக்கல. பாத்தது செல்லாது. செத்தாத்தான் பாப்பேன்னு சொல்லிருக்கேன்."

"சரி, பாக்காண்டாம். கண்ண மூடிக்கிட்டே நில்லு. முந்தானைய மட்டும் எடு. நான் பாத்துக்கிடுதேன்."

எழுந்து மண்டியிட்டு, மூக்கு கண்ணாடியில் நசுங்க ஒட்டிக்கொண்டார். அவள் கண்ணைத் திறக்காமல் மெதுவாக முந்தானையை இறக்கினாள். தெருவில் கோழிச் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. ரொம்ப நேரம் பார்த்தார். இடமும் வலமும் தலையைச் சாய்த்து, பார்வை எங்கே மிச்சம் இருக்கிறதோ அந்த மூலையில் அவளைக் கொண்டுவந்து நிறுத்திப் பார்த்தார்.

"மூக்குத்தி மாத்திருக்க."

"உனக்கென்ன தெரியும்?"

"தெரியுதுட்டி. நல்லாத் தெரியுது."

மூடிய கண்ணோரம் தண்ணீர் இறங்கியது. அவள் கையால் தடவித் தடவிக் கதவைக் கண்டுபிடித்து ஏறினாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் திறக்காமலே அவரைத் திட்ட ஆரம்பித்தாள். பாகு காய்ச்சியதில் தொடங்கி வரிசையாக. துளசி மாலையை அவர் தலையில் எறிந்தாள். நான் வண்டியை அண்ணாச்சி வீட்டுக்கு ஓட்டினேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது. சொர்க்க ரதம் ஓட்டி நான் அழுதது இதுதான் முதல் தடவை. அதுவும் யாரும் சாகாதபோது.

செப்டம்பர் 15, ஞாயிறு

உலகம்மாள் இன்னும் அண்ணன் வீட்டில்தான் இருக்கிறாளாம். கண்ணை மூடிக்கொண்டே சமைத்ததில் குழம்பில் இரண்டு தடவை உப்பு விழுந்துவிட்டதாம். அண்ணாச்சி இரண்டு தட்டுச் சாப்பிட்டாராம்.

செப்டம்பர் 16, திங்கள்

நாளைக்கு ஒரு சவாரி. காலையில் வாளியும் வாட்டர் பேப்பருமாக வண்டிக்கு வந்தேன். வளையல் கீறல் மேலிருந்து கீழாக ஆழமாகக் கிடந்தது. சொரசொரப்புத் தாளில் ஆரம்பித்தால் மாலைக்குள் எடுத்துவிடலாம். தண்ணீர் ஊற்றினேன். தாளை நனைத்தேன்.

வாசலில் கோழிக்கு அரிசி போட்டுக்கொண்டிருந்த பூரணம் வந்து வண்டியருகில் நின்றாள். விரலால் அந்தக் கீறலை ஒருமுறை தொட்டாள்.

"அத எடுக்காதீங்க."

பூனையைத் தேடினேன். அது இன்னும் மதிலுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது.